பச்சைப்பிள்ளையின் காதில் சொன்ன பெயர்

மதிப்புக்குரிய லெப்பை அப்பா,



நீங்கள் மௌத்தாகி ஒன்பது நோன்புப் பெருநாள் போய்விட்டது. மையவாடிக்குப் போகும்போதெல்லாம் உங்கள் கபுறடியில் நின்று துஆச் செய்துவிட்டுத்தான் திரும்புகிறேன். ஆனால் நீங்கள் இருந்த காலத்தில் ஒரு நாளாவது உங்கள் முகம் பார்த்து நன்றி சொன்னதில்லை. தோப்பூரில் அப்படிச் சொல்லிப் பழக்கமும் இல்லை. ஓதித் தந்தவருக்கு நோன்பு மாதத்தில் ஒரு சாரன், பெருநாளன்று ஒரு சகன் சோறு, வழியில் கண்டால் ஒரு ஸலாம். நன்றி என்பது இவ்வளவுக்குள் அடங்கிவிடும். எனக்கு அது போதவில்லை என்பது உங்களை அடக்கிவிட்டு வந்த இரவில்தான் விளங்கியது.

இத்தனை காலம் கழித்து இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. போன மாதம் ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டு நின்றபோது, நான் படிப்பித்த பிள்ளை ஒருவர் வந்து கையைப் பிடித்தார். “சேர், மகன் பிறந்திருக்கான். உங்கட பேரத்தான் வெச்சிருக்கன்” என்றார். எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. அடுத்ததாக அவர் கேட்டார்: “அர்த்தம் என்னண்டு ஆக்கள் கேட்டா என்ன சேர் சொல்ற?”

அந்த வெயிலில் நின்றபடி பாதியைத்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். மடல் உங்களுக்கு. அந்தத் தகப்பனும், நாளைக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கப்போகும் அவர் மகனும், நம் ஊராரும் வாசிக்கட்டும் என்று உறையை ஒட்டாமல் விடுகிறேன்.

அப்பா, நான் பிறந்தது 1988இல். ஏழாம் நாள் என் தலைமயிரை இறக்கி, அதன் நிறைக்கு வெள்ளியின் பெறுமதியைத் தர்மம் கொடுத்தார்களாம். வாப்பா எனக்கென்று நினைத்து வைத்திருந்த பெயர் வேறு. உம்மாவின் குடும்பத்தில் மூன்று காதர்மார் இருந்தார்கள். நாலாவதாக என்னையும் காதர் ஆக்குவதுதான் ஏற்பாடு. நீங்கள் வந்து, என்னை மடியில் வாங்கி, வலக்காதில் பாங்கும் இடக்காதில் இகாமத்தும் சொன்னீர்கள். பிறகு வாப்பாவிடம், “ஒரு பேரு நான் சொல்லட்டா?” என்று கேட்டீர்கள். கேட்டது லெப்பை. மறுக்க யாருக்கு மனம் வரும்? மூன்று தரம் என் காதில் சொன்னீர்கள்: கிளுறு முஹம்மது.

மூத்தம்மாவுக்குப் பயம். “அது பெரிய ஆக்கள்ட பேராச்சே லெப்பை, புள்ள தாங்குமா?” என்றாராம். “புள்ள தாங்கத் தேவல்ல, பேரு புள்ளயத் தாங்கும்” என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணியைக் குடித்து முடித்து, நீங்கள் எழும்பிப் போய்விட்டீர்கள். மூத்தம்மா கடைசிவரை இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அழுதால், காய்ச்சலில் கிடந்தால், சோதினையில் புள்ளி குறைந்தால், எல்லாவற்றுக்கும் அவரிடம் இந்த ஒரு மருந்துதான் இருந்தது.

கிளுறு என்றால் பச்சை. பிறந்த குழந்தையையும் தமிழ் பச்சைப்பிள்ளை என்றுதான் சொல்கிறது. பச்சை வெறும் நிறமாக நில்லாமல், ஈரம், புதிது, உயிர் என்று எத்தனையோ பொருளைச் சுமக்கிறது நம் மொழியில். பச்சைத்தண்ணீர், பச்சைமண், பச்சைமரம். நீங்கள் ஒரு பச்சைப்பிள்ளையின் காதில் அரபியில் ‘பச்சை’ என்று சொன்னீர்கள். அதுவும் ஒரு தோப்பின் பெயரைத் தன் பெயராகக் கொண்ட ஊரில். யோசித்துத்தான் செய்தீர்களா என்று நான் உங்களைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சிரித்திருப்பீர்கள்.

பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடும்போதுதான் எனக்கு முதன்முதல் தெரிந்தது, இந்தப் பெயர் வேறு யாரிடமும் இல்லை என்று. எங்கள் வாப்பாமாரின் வாப்பாமார் காலத்தில் மீராலெப்பை, உதுமாலெப்பை, ஆதம்பாவா, சீனிமுஹம்மது, அலியார் என்று பெயர்கள் இருந்தன. அரபியும் தமிழும் ஒரே பாயில் உட்கார்ந்த பெயர்கள் அவை. எங்கள் காலத்தில் அவை போய், றிஸ்வான், றமீஸ், அஸ்லம், பர்ஹான் என்று வந்துவிட்டன. வகுப்பில் இரண்டு றிஸ்வான், மூன்று பர்ஹான். கிளுறு நான் ஒருவன்தான். பிள்ளைகள் அதைக் ‘கிளி’ ஆக்கினார்கள். அழுதுகொண்டு ஓதப் பள்ளிக்கு வந்த என்னிடம் நீங்கள், “கிளியும் பச்சதானே மனே” என்றீர்கள். மறுநாள் அவர்கள் கிளி என்றபோது எனக்கு அழுகை வரவில்லை.

பெரியவர்களுக்கும் இந்தப் பெயர் காதில் ஏறவில்லை. “காதரா?” என்பார்கள். காதர் என்ற பெயர் ஏன் வீட்டுக்கு வீடு இருந்தது என்பதையும் நீங்கள்தான் விளக்கினீர்கள். 1166இல் பக்தாதில் மறைந்த அப்துல் காதிர் ஜீலானி மீது நம் முன்னோர் வைத்த அன்பு அது. முகைதீன், காதர் என்று அவருடைய பெயரையே வழிவழியாகப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். காதிர் என்பது வல்லமையைச் சொல்லும் சொல்; கிளுறு பசுமையைச் சொல்லும் சொல். இரண்டுக்கும் வேர் வேறு, எழுத்து வேறு.

அந்த எழுத்துத்தான் என்னை வெகுகாலம் அலைக்கழித்தது. ‘ளாத்’ என்று நீங்கள் எங்கள் நாக்கைத் திருப்பித் திருப்பிப் பழக்கிய எழுத்து. அரபுகள் தங்கள் மொழியையே ‘ளாதின் மொழி’ என்று அந்த எழுத்தை வைத்துச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். அது ஊர்விட்டு ஊர் போகும்போது உருமாறும். நோன்பு மாதத்தின் பெயரைப் பாருங்கள்: ரமளான், றமழான், ரமலான், ரம்ஜான், ரமதான். எல்லாம் ஒரே சொல். மாறியது அந்த ஓர் எழுத்து. என் பெயரும் அப்படித்தான். நம் பக்கத்தில் கிளுறு, கிழுறு, ஹிள்று. தமிழ்நாட்டில் கிதர். உருதுக்காரர் வாயில் கிஸர். துருக்கியில் ஹிஸிர் அல்லது ஹிதிர். வேறு வேறு ஆட்கள் என்று நினைத்த பெயர்கள் எல்லாம் என் கூடப்பிறந்தவை என்று அறிந்த நாளில், வகுப்பில் தனியாக இருந்த அந்தப் பையனுக்கு உலகமெங்கும் உறவினர் கிடைத்தார்கள்.

ஆனால் அது பிறகு. பதினைந்து வயதில் எனக்கு இந்தப் பெயர் பாரமாக இருந்தது. பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு விதம், பரீட்சை அனுமதி அட்டையில் ஒரு விதம், அடையாள அட்டைக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் இன்னொரு விதம். ஆங்கிலத்தில் ஒருவர் கே போட்டு எழுதினார், மற்றவர் எச் போட்டு எழுதினார். ஓர் அலுவலகத்தில், “இது மூண்டும் ஒரே ஆள்தான் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். வாப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி எழுதி வாங்க என்னைக் கூட்டிக்கொண்டு அலைந்தார். அவர் வியர்த்து நின்றதைப் பார்த்து எனக்கு ஆத்திரம். உங்களிடம் வந்து, “எனக்கு இந்தப் பேரு வேணாம், இம்றான் எண்டு மாத்தப் போறன்” என்றேன்.

நீங்கள் கோபிக்கவில்லை. சைக்கிளை எடுத்தீர்கள். என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மூதூர்ப் பக்கம் மிதித்தீர்கள். மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலோடு சேரும் பக்கம் போய், தண்ணீரைப் பார்த்தபடி உட்கார வைத்தீர்கள். அங்கே வைத்து நீங்கள் சொன்ன கதையை, அப்பா, நான் படித்த எந்தப் புத்தகமும் அப்படிச் சொல்லவில்லை.

திருக்குர்ஆனின் பதினெட்டாவது அத்தியாயம், அல்கஹ்ஃபு. வெள்ளிக்கிழமைதோறும் நாங்கள் ஓதுவது. அதில் 60ஆம் வசனம் முதல் 82ஆம் வசனம் வரை மூஸா நபி ஒரு நல்லடியாரைத் தேடிப் போகும் கதை. இரண்டு நீர்கள் கூடும் இடத்தில் அவர் இருப்பார் என்பது அடையாளம். சாப்பாட்டுக்கு எடுத்துப் போன மீன் நழுவித் தண்ணீருக்குள் தன் வழியே போய்விடுகிறது. அந்த இடத்தில்தான் அவர் இருக்கிறார். “இதப் போல ஒரு முகத்துவாரம் எண்டு வெச்சிக்க” என்று நீங்கள் கையை நீட்டிக் காட்டினீர்கள். ஆற்றுத் தண்ணீரின் மண்நிறமும் கடலின் நீலமும் ஒன்றில் ஒன்று கலக்காமல் கொஞ்சத் தூரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

தான் சொல்லும் வரை எதையும் கேட்கக் கூடாது என்பது அந்த அடியார் வைத்த நிபந்தனை. மூஸா நபி ஒத்துக்கொண்டு கூடவே போகிறார். ஒரு படகில் ஏறுகிறார்கள். அவர் அந்தப் படகை ஓட்டையாக்குகிறார். வழியில் ஒரு சிறுவனின் கதை வருகிறது. “அத நீ பெரியாளாகி ஓது, இப்ப வேணாம்” என்று தாண்டிவிட்டீர்கள். பிறகு ஓர் ஊர். பசிக்குச் சோறு கேட்டும் கொடுக்காத ஊர். அந்த ஊரில் விழப் போகும் ஒரு சுவரை அவர் நிமிர்த்திக் கட்டுகிறார். கூலி கேட்கவில்லை.

காரணத்தைப் பிரியும்போதுதான் சொல்கிறார். படகு கடலில் பாடுபடும் ஏழைகளுடையது. நல்ல படகையெல்லாம் பறித்தெடுக்கும் ஓர் அரசன் பின்னால் இருந்தான். ஓட்டைப் படகு என்றால் விட்டுவிடுவான். சுவரின் கீழே இரண்டு யதீம் பிள்ளைகளின் புதையல் இருந்தது. அவர்களுடைய வாப்பா நல்ல மனிதர். பிள்ளைகள் வளர்ந்து எடுக்கும் வரை அது அங்கேயே இருக்க வேண்டும்.

கதையை முடித்துவிட்டு நீங்கள் கேட்டீர்கள்: “அந்த நல்ல மனிசண்ட பேரு குர்ஆன்ல எங்க இரிக்கி, சொல்லு?” நான் யோசித்தேன். எங்கும் இல்லை. அவரைப் பற்றி அத்தனை வசனம் இறங்கியும் பெயர் சொல்லப்படவில்லை. பெயர் ஹதீஸில்தான் வருகிறது. அந்தப் பெயர் வந்த காரணத்தையும் நபிகள் நாயகம் சொன்னதாக அபூஹுரைரா அறிவிப்பது ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. அவர் வெறுமையான, வெளுத்த தரையில் உட்கார்ந்தார்; அது பச்சையாகி அசைந்தது. அதனால் அவர் பெயர் பச்சை.

“பேரு அவர் கேட்டு எடுத்ததல்ல. அவர் இருந்திட்டுப் போன இடத்தப் பாத்து ஆக்கள் வெச்சது” என்றீர்கள். பிறகு சைக்கிளை எடுத்தீர்கள். வரும் வழியில் பெயர் மாற்றுவதைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அப்பா, அதன் பிறகுதான் நான் இந்தப் பெயரைத் தேடத் தொடங்கினேன். நீங்கள் அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பீர்கள் என்று நினைத்தவற்றை உங்களுக்குச் சொல்லுகிறேன்.

அரபியில் பச்சைக்கு வேர் எழுத்து மூன்று: கா, ளாத், றா. அந்த வேரிலிருந்துதான் பச்சை நிறத்துக்கு ‘அக்ளர்’, கீரை காய்கறிகளுக்கு ‘குளார்’ என்ற சொற்கள் வந்தன. ஸ்பெயினின் தென்முனையில் அல்ஹெஸிராஸ் என்று ஒரு துறைமுக நகரம் இருக்கிறது. அரபுகள் அதை ‘அல்ஜஸீரா அல்களறா’, பச்சைத் தீவு என்று அழைத்தார்கள். அல்ஜீரியாவில் பிள்ளைகளுக்கு ‘லக்தர்’ என்று வைக்கிறார்கள். அதுவும் இதே பச்சை. நம் தமிழுக்குள் தேடினால் பச்சையப்பன், பச்சைமுத்து, பச்சையம்மாள். 1842இல் தொடங்கிய சென்னைப் பச்சையப்பன் கல்லூரி, 1794இல் மறைந்த வள்ளல் பச்சையப்ப முதலியாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வேதம் வேறு, மொழி வேறு. பிள்ளைக்குப் பச்சை என்று பெயர் வைத்த தாய்தகப்பனின் ஆசை ஒன்றுதான்.

துருக்கியர்களைப் போல இந்தப் பெயரை வீட்டுக்குள் வைத்துக்கொண்டவர்கள் வேறு யாரும் இல்லை. ஐரோப்பியர் பார்பரோஸா என்று பயந்து அழைத்த கடற்படைத் தளபதி ஹைருத்தீன் பாஷா பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் ஹிஸிர். ஒருவர் அவசரத்துக்கு வந்து உதவினால் ‘ஹிஸிரைப் போல வந்தார்’ என்பது அங்கே நாட்பேச்சு. அவசர அம்புலன்ஸ் சேவைக்கே அந்தப் பெயரை வைத்தார்கள். மே மாதம் 5ஆம் நாள் இரவும் 6ஆம் நாளும் அங்கே ‘ஹிதிரெல்லஸ்’ என்று வசந்தப் பெருநாள். கிளுறும் இல்யாஸ் நபியும் வருடத்துக்கு ஒருமுறை பூமியில் சந்திக்கும் நாள் என்று நம்பி, பச்சைப் புல்லிலும் நீர்க்கரையிலும் கூடுகிறார்கள். 2017இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இந்தியாவில் 1414இல் டில்லியைக் கைப்பற்றி ஸையித் வம்சத்தைத் தொடக்கியவர் பெயர் கிஸ்ர் கான். சிந்து நதியில் சுக்கூர் நகரின் அருகே ஒரு சிறு தீவில் குவாஜா கிஸ்ரின் தலம் இருந்தது. இந்துக்களும் முஸ்லிம்களும் அங்கே போனார்கள். வங்காளத்து முர்ஷிதாபாத்தில் பாத்ர மாதக் கடைசி வியாழன் இரவு, பாகீரதி நதியில் விளக்கேற்றிய தெப்பங்களை அவர் பெயரில் மிதக்க விடுகிறார்கள். பாலஸ்தீனத்தில் பெத்லகேமின் பக்கத்தில் ஓர் ஊரின் பெயரே அல்களிர். அங்கே இருப்பது புனித ஜோர்ஜ் தேவாலயம். அந்த ஜோர்ஜைத்தான் அவ்வூரார் களிர் என்கிறார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் ஒரே வாசலில் நேர்ச்சை வைக்கிறார்கள். ஆறு, கடல், கரை, கடவை என்று தண்ணீர் இருக்கும் இடமெல்லாம் இந்தப் பெயர் போயிருக்கிறது.

நம் தீவுக்கும் அது புதிதல்ல. 1344இல் இங்கு வந்த இப்னு பதூதா, பாவாதமலைக்கு ஏறும் வழியில் கிளுறின் குகை என்று ஓர் இடத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். பக்கத்தில் அவர் பெயரிலேயே ஒரு ஊற்று; அதில் மீன்கள் நிறைய இருந்தும் ஒருவரும் பிடிப்பதில்லை. யாத்திரிகர்கள் தங்கள் சாமான்களை அந்தக் குகையில் வைத்துவிட்டு மலை ஏறினார்களாம். கதிர்காமத்தில் முருகனின் திருவிழா நடக்கும் அதே தலத்தில் கிளுறின் பெயரைத் தாங்கிய பள்ளிவாசல் நிற்கிறது. ‘கதிர்’ என்ற சொல்லுக்குள்ளேயே கிளுறின் பெயர் ஒலிக்கிறது என்று சொல்லும் ஒரு நம்பிக்கையும் நம்மவரிடம் உண்டு.

இதை எழுதும்போது பாதயாத்திரைக்காரர்கள் நினைவுக்கு வருகிறார்கள். யுத்தம் முடிந்து பாதை திறந்த பிறகு, கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் வெருகல் சித்திரவேலாயுதர் கோயிலை நோக்கி நம் பக்கத்தால் போனார்கள். பாதையோரம் ஒரு வாங்கில் தண்ணீர்க் குடமும் தேசிக்காய்ச் சர்பத்தும் வைத்துக்கொண்டு நீங்கள் காத்திருந்தீர்கள். வாளி தூக்கக் கூட வந்தவன் நான். காலில் கொப்புளம் வெடித்த ஒரு வயதான அம்மா தண்ணீரைக் குடித்துவிட்டு என் பெயரைக் கேட்டார். சொன்னேன். அவருக்குக் கதிர் என்று கேட்டது. “கதிர் தம்பி, நல்லாயிருப்பாய்” என்று தலையில் கை வைத்தார். நான் திருத்தப் போனேன். நீங்கள் கண்ணால் வேண்டாம் என்றீர்கள். அந்தக் கையின் சூடு இன்னமும் என் தலையில் இருக்கிறது.

இவ்வளவு தூரம் போன பெயர் நம்மிடையே ஏன் அருமையாயிற்று என்று அந்த இளம் தகப்பன் கேட்டார். குர்ஆனில் நேரடியாக வராத பெயர் என்பது ஒன்று. அவர் நபியா வலியா, இன்னும் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று உலமாக்கள் நூற்றாண்டுகளாகப் பேசிய வேறுபாடு ஒன்று. உயிரோடு இருக்கிறார் என்பதே பெரும்பாலோர் கருத்து என்றார் இமாம் நவவி; இமாம் புகாரி அதை ஏற்கவில்லை. நாக்குக்கு வராத எழுத்து மற்றொன்று. எல்லாவற்றையும்விட, மூத்தம்மாவின் பயம். பெரிய ஆட்களின் பெயரைச் சிறிய பிள்ளையின் தலையில் வைக்கக் கூடாது என்ற அந்த மரியாதை. நீங்கள் எந்த வாதத்திலும் நின்றதில்லை. எங்களுக்கு அந்தச் சுவரின் கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள்.

கடைசியாக, அப்பா, நான் நன்றி சொல்ல வந்த விஷயம்.

2006 ஓகஸ்ட். ஷெல் அடியில் மூதூரும் தோப்பூரும் காலியாகின. கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு சனம் கந்தளாய்க்கு நடந்தது. எனக்குப் பதினெட்டு வயது. ஒரு பள்ளிக்கூடத்து வளவில் எங்களுக்கு இடம் கிடைத்தது. மரம் இல்லாத பக்கம். மிதிபட்டு மிதிபட்டு வெளுத்துப் போன தரை. பவுசரில் வரும் தண்ணீருக்கு வரிசை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ நீங்கள் ஒரு காரியம் செய்தீர்கள். ஆண்கள் உளூச் செய்யும் இடத்தில் ஒரு தடியால் வாய்க்கால் கீறி, அந்தத் தண்ணீரை ஒரு பக்கமாகத் திருப்பினீர்கள். பக்கத்து வீட்டுச் சிங்களப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு ஒரு பிடி கீரை விதை வாங்கி வந்து அந்த ஈரத்தில் தூவினீர்கள். சிலருக்கு விளங்கவில்லை. “நாளைக்கே ஊருக்குப் போயிருவம், இது என்னத்துக்கு லெப்பை?” என்று கேட்டார்கள். “நாம போனா இதச் சாப்பிட இஞ்ச ஆளில்லையா?” என்றீர்கள்.

ஐந்து வேளையும் எத்தனை பேர் உளூச் செய்தார்கள்! முகம் கழுவிய தண்ணீர், கால் கழுவிய தண்ணீர். நான் ஒரு நாள் அந்த வாய்க்காலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, உளூ என்ற சொல்லிலும் என் பெயரில் இருக்கும் அதே ளாத் இருப்பது திடீரென்று மனதில் பட்டது. தலை நிமிர்ந்து பார்த்தேன். வெளுத்த தரையில் ஒரு கோடு பச்சையாக அசைந்துகொண்டிருந்தது. நீங்கள் முகத்துவாரத்தில் சொன்ன ஹதீஸை நான் அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

ஒரு மாதத்தை ஒட்டி, ஊருக்குத் திரும்பலாம் என்று சொன்ன அன்று கீரை ஒரு சாண் உயரம் நின்றது. நாங்கள் ஒரு பிடி பிடுங்கவில்லை. பஸ்ஸில் ஏறும்போது நீங்கள் அதைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. நான் பார்த்தேன்.

இரண்டு வருடம் கழித்து வேறொரு வேலையாகக் கந்தளாய்க்குப் போனபோது அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தேன். காவல்காரர் என்னை அடையாளம் காணவில்லை. ஆனால் உளூச் செய்த மூலையைக் காட்டி, அரைத் தமிழில், “இது லெப்பை கீரை” என்றார். முதல் தரம் ஆய்ந்து சமைத்த பிறகு விதை சிந்தி, மழைக்கு மழை தானாக முளைக்கிறதாம். எந்த லெப்பை என்று கேட்டேன். பெயர் தெரியாது என்றார்.

அப்பா, நான் வாத்தியாரானேன். பிள்ளைகளின் பெயரை இடாப்பில் எழுதும்போது ஒவ்வொரு பெயரையும் எப்படிச் சொல்ல வேண்டும் என்று அந்தப் பிள்ளையிடமே கேட்டு எழுதுகிறேன். எழுத்துப் பிழைத்த பத்திரத்தோடு ஒரு தகப்பன் வாசலில் நின்றால், பாடம் முடிந்ததும் அவரோடு நானே போகிறேன். இதற்கு மேல் நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. இந்தச் சிறிய பழக்கங்கள் இரண்டும் நீங்கள் என் காதில் சொன்ன சொல்லிலிருந்து முளைத்தவை. அவற்றுக்காக நன்றி. அழுதுகொண்டு வந்த பிள்ளைக்குக் கிளியின் பச்சையைக் காட்டித் தந்ததற்கு நன்றி. சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போன அந்தப் பின்னேரத்துக்கு நன்றி. மூத்தம்மாவின் பயத்தை மீறி, இந்தப் பிள்ளையைப் பெயர் தாங்கும் என்று நம்பினதற்கு நன்றி.

இந்த மடலில் உங்கள் பெயரை எங்கும் எழுதவில்லை. நம் ஊரில் உங்களிடம் ஓதியவர்களுக்கு அது தெரியும். தெரியாதவர்களுக்குக் கந்தளாய்க் காவல்காரர் சொன்னதே போதும்.

வருகிற வெள்ளி அந்தச் சின்னக் கிளுறைப் பார்க்கப் போகிறேன். தகப்பன் பெயரைச் சரியாகத்தான் சொல்கிறார். தாயின் உம்மாவுக்கு இன்னும் நாக்குத் திரும்பவில்லையாம், காதர் என்றுதான் வருகிறதாம். பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் எங்களுக்குப் பழக்கிய மாதிரி, அந்த ளாத்தை அவருக்கும் பழக்கிவிட்டு வருவேன். போகும்போது ஒரு பை கீரை விதையும் எடுத்துப் போவதாக இருக்கிறேன்.

உங்கள் துஆவில் வளர்ந்த,
கிளுறு முஹம்மது
தோப்பூர்